ஏற்காட்டு மேடைக்கு ஹாரி ஸ்டைல்ஸ் பாணி உடை: சேலத்துல தைக்க முடியுமா?

மலைச்சாரல் கேட்டது:

வணக்கம். எங்க பேண்டுல பாடுற தம்பிக்கு மே மாசக் கடைசியில ஏற்காட்டுல ஒரு திறந்தவெளிக் கச்சேரி, சாயங்காலம். 2019-ல நியூயார்க் மெட் காலா ஃபேஷன் விழாவுக்கு பிரிட்டிஷ் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் போட்டுட்டு வந்த ‘குச்சி’ (Gucci) கம்பெனி உடை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: உள்ளே தெரியிற கறுப்புச் சட்டை, லேஸ் பிரில், இடுப்புக்கு மேல ஏறின பேன்ட், குதிகால் வச்ச பூட்ஸ், ஒரு காதுல மட்டும் முத்துத் தொங்கல். அதை அடிப்படையா வச்சு ஒண்ணு தைக்கணும். கழுத்துல பெரிய ‘போ’ (bow, ரிப்பன் மாதிரி கட்டற முடிச்சு) ஒண்ணும் வேணும்னு தம்பிக்கு ஆசை.

உயரம் 5 அடி 9 அங்குலம், மார்பு 38, சீட் 37, பேன்ட் இடுப்பு 31. ஜென்ட்ஸ் டைலர்கிட்ட கொடுக்கறதா, பிளவுஸ் தைக்கிறவங்ககிட்ட கொடுக்கறதா? எந்தத் துணி, எத்தனை மீட்டர்? காது குத்தாம முத்து போட வழி இருக்கா? அப்படியே காப்பி அடிக்காம சேலத்துப் பொருள் ஏதாவது சேர்க்க முடியுமா? விளையாட்டுக்குப் போடறது இல்லை. தம்பிக்கு மனசாரப் பிடிச்ச உடை இது, அதனால மாறுவேஷப் போட்டி மாதிரி ஆயிடக் கூடாது.

ஊசிநூல் எழுதியது:

மாறுவேஷம் மாதிரி ஆகுறதும் ஆகாததும் வெட்டுலதாங்க இருக்கு. அந்த மெட் காலா உடையில பிரில், மெல்லிசுத் துணி, முத்து, குதிகால் எல்லாம் பெண்கள் பக்கத்துல இருந்து எடுத்தது. ஆனா பேன்ட் சுத்தமான ஆண் வெட்டு. சட்டையும் ஆண் தோளுக்கு அளவெடுத்தது. துணிக்குள்ள பச்சை குத்தினது அப்படியே தெரியுது. அவருக்கு உடை தேர்ந்தெடுக்கற ஹாரி லாம்பர்ட் அப்போ சொன்னதும் இதேதான்: பெண்களுக்குன்னு வச்ச அம்சங்களை எடுத்து, ஆணுக்குரிய உடையா மாத்திச் சொல்றது. ரெடிமேட் லேடீஸ் டாப் வாங்கி மாட்டிவிட்டா தோள்ல இழுக்கும், நெஞ்சுல தொங்கும். பார்க்கறவங்க கண்ணுக்கு அக்கா சட்டையைத் தம்பி போட்ட மாதிரிதான் இருக்கும்.

அதனால வெட்டு ஜென்ட்ஸ் டைலர், தையல் மெல்லிசுத் துணி பழகினவர். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கிடைச்சா நல்லது. இல்லைன்னா ஜென்ட்ஸ் டைலர்கிட்ட பேப்பர்ல பேட்டர்ன் போட்டு வாங்கிட்டு, பிளவுஸ், சுடிதார் தைக்கிறவங்ககிட்ட தைக்கக் கொடுங்க. ஒருத்தர் வழக்கம் இன்னொருத்தர் வேலைக்கு ஆகாதுங்கறதை ரெண்டு பேர்கிட்டயும் முன்னாலயே சொல்லிடணும். பிளவுஸ் தைக்கிறவங்க கை தானா நெஞ்சுல டாட் (வளைவுக்காகப் பிடிக்கிற கூர் மடிப்பு) பிடிக்கும். ஆண் மார்புல டாட் இருந்தா அந்த இடம் காத்தடிச்ச மாதிரி புடைச்சு நிக்கும். ஜென்ட்ஸ் டைலர் காலர், கஃப் எல்லாத்துக்கும் கேன்வாஸ் வச்சு ஒட்டுவார். மெல்லிசுத் துணியில அந்தப் பசை புள்ளி புள்ளியா வெளிய தெரியும். கேன்வாஸுக்குப் பதிலா அதே கறுப்புல ஆர்கன்சா (விறைப்பா நிக்கற மெல்லிசுத் துணி) ஒரு மடிப்பு வைங்க. தோள்பட்டையில வழக்கமா வர்ற ரெட்டை யோக்கும் (ரெண்டு மடிப்பா வைக்கிற தோள் துண்டு) வேண்டாம், அங்க மட்டும் கறுப்பா ஒரு பட்டை தெரியும். ஒத்தை யோக் போதும்.

துணி ஜார்ஜெட் எடுங்க. சிஃபான் இன்னும் அழகா விழும், ஆனா வெட்டும்போதே வழுக்கி ஓடும். முழு ஆர்கன்சா உடம்புல குத்தும், பலூன் மாதிரி நிக்கும். 44 அங்குல அகலத்துல 3.25 மீட்டர் வாங்கினா உடம்புக்கும் கைக்கும் கஃபுக்கும் போதும், அதே துணியிலயே ‘போ’ வச்சாலும் போதும். நெஞ்சுல பட்டன் பட்டிக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு வரிசை பிரில், ஒவ்வொண்ணும் தைச்ச பிறகு 12 அங்குலம். கஃப்ல ரெண்டு ரெண்டு வரிசை. லேஸை ஒண்ணுக்கு ரெண்டாச் சுருக்கணும். அந்தக் கணக்குல லேஸ் மட்டும் 5.5 மீட்டர். ஒண்ணுக்கு ஒண்ணரைன்னு மிச்சம் பிடிச்சா பிரில் படுத்துக்கும், கூட்டத்துல இருந்து பார்த்தா வெறும் கோடுதான்.

வெட்டறதுக்கு முன்னால துணியை மெல்லிசா வடிச்ச கஞ்சியில முக்கி, நிழல்ல காயவச்சு, தேய்ச்சுக்குங்க. காகிதம் மாதிரி அடங்கி நிக்கும், தைச்சு முடிச்சு அலசினா போயிடும். ஊசி 9 அல்லது 11. சட்டைக்குப் போடற 14, 16 ஊசி ஓட்டை போட்டு நூலை இழுத்துவிடும். தையல் நீளம் 2 மில்லிமீட்டர், டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தணும். துணி மெஷின் பல்லுக்குள்ள போகாம இருக்க அடியில பட்டர் பேப்பர் வச்சுத் தைச்சுக் கிழிச்சுடுங்க. நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும்.

ஓவர்லாக் போட்டா உள்பக்கத் தையல் எல்லாம் வெளிய தெரியும். பிரெஞ்ச் தையல்தான் சரி. தையலுக்கு 5/8 அங்குலம் விட்டு வெட்டி, நல்ல பக்கம் வெளிய இருக்கும்படி ஓரத்துல இருந்து 3/8-ல ஒரு தையல். 1/8 விட்டு மீதியை நறுக்கி, திருப்பிப் போட்டு, 1/4-ல இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ள அடங்கிடும்.

பாடறவர் கையைத் தூக்குவார். கைக்குழியைக் கீழ இறக்கி லூசா வச்சா கை தூக்கறப்ப சட்டை மொத்தமும் பேன்ட்ல இருந்து உருவிட்டு வரும். பலரும் இதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கறாங்க. கைக்குழி மேல ஏறி, உடம்போட ஒட்டி இருக்கணும். அக்குள்ல 3 அங்குல வைர வடிவத் துண்டு ஒண்ணு வச்சுத் தைச்சா கை நல்லா ஓடும்.

கடைசியா ஒண்ணு, உள்ளே வெள்ளை பனியன் போட்டா எல்லாம் போச்சு. கூச்சமா இருந்தா உடம்போட ஒட்டின கறுப்பு ஸ்லீவ்லெஸ் போதும்.

பழையதட்டு எழுதியது:

உடையைத் தைப்பதற்கு முன் எதை எடுத்துக்கொள்வது என்பதைப் பார்த்துவிடுங்கள். ஹாரி ஸ்டைல்ஸ் இந்த வரிசையில் முதல் ஆள் இல்லை.

1969-இல் லண்டன் ஹைட் பார்க் மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் போட்ட வெள்ளை உடையைச் செய்தவர் உடை வடிவமைப்பாளர் மைக்கேல் ஃபிஷ். அவரே பாடகர் டேவிட் போவிக்கு ஆணுக்கென்று வெட்டிய நீள கவுனும் செய்தார். 1971-இல் பிரிட்டனில் வந்த போவியின் ஆல்பம் அட்டையில் அது இருக்கிறது. பெண்களின் கவுனைப் பெரிதாக்கியது அல்ல அது. முன்புறம் கொக்கி வைத்து மூடும், பழைய அங்கி போன்ற வெட்டு. ஊசிநூல் சொன்ன விதி அப்போதே இருந்திருக்கிறது.

மெட் காலாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2019 ஆஸ்கர் விழாவுக்கு அமெரிக்க நடிகர் பில்லி போர்ட்டர், வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் சிரியானோ கறுப்பு வெல்வெட்டில் செய்த உடையில் வந்தார். இடுப்பு வரை கச்சிதமான டக்ஸிடோ (ஆண்கள் விருந்துக்குப் போடும் கோட்), இடுப்புக்குக் கீழே முழுப் பாவாடை. ஸ்டைல்ஸ் 2020 டிசம்பர் அமெரிக்க வோக் ஃபேஷன் இதழின் அட்டையில் வந்ததும் இதே இலக்கணத்தில்தான்: லேஸ் வைத்த கவுன், மேலே கறுப்பு ஜாக்கெட். அந்த இதழின் அட்டையில் தனியாக வந்த முதல் ஆண் அவர். அடுத்த ஆண்டு போர்ட்டர் அதை வெளிப்படையாகவே குறை சொன்னார். கறுப்பினத்துத் தன்பால் ஈர்ப்பாளராகத் தாம் வாழ்நாள் முழுக்கப் போராடிப் பெற்றதை இன்னொருவர் சுலபமாகப் பெற்றுவிட்டார் என்பது அவர் வருத்தம். பிறகு தொலைக்காட்சியில் ஸ்டைல்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. இந்த உடையை மேடையில் போட்டுவிட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறவருக்கும், தினமும் தெருவில் அதற்கு விலை கொடுக்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. கச்சேரி அறிவிப்பில் ‘திருநங்கை வேடம்’ என்றோ அதைத் தொட்ட கேலி வார்த்தை எதையுமோ யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருநங்கையரின் வாழ்க்கை வேடமும் அல்ல, இந்த உடைக்கு விளம்பரமும் அல்ல.

நம் பக்கமும் பாருங்கள். தியாகராஜ பாகவதர் தோள் வரை முடி, காதில் கடுக்கன், பட்டு ஜிப்பா என்று வந்தார். ஊர் இளைஞர்கள் அந்த முடியை வெட்டிக்கொள்ளாமல் ‘பாகவதர் கிராப்’ என்று வளர்த்தார்கள். அன்றைக்கு ஆண்மைக்கு அது குறை இல்லை. காதில் கல் வைத்த ஆண் நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தம்பியின் ஒற்றைக் காது முத்துக்கு மெட் காலா மட்டும் முன்னோடி இல்லை.

அம்மாபேட்டை_தறி எழுதியது:

சேலத்துப் பொருள்னு கேட்டீங்க. சேலம் வெண்பட்டை விட்டுட்டு வேற எங்க போறது? புவிசார் குறியீடு வாங்கின துணி, அதுவும் ஆம்பளைங்க உடுத்துற வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் பேர் வாங்கினது. கறுப்புச் சட்டைக்கு மேல வெண்பட்டுல ‘போ’ கட்டுங்க. பொம்பளை வடிவம், ஆம்பளை துணி. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

8 முழ வேட்டியை வெட்டாதீங்க. அங்கவஸ்திரம் ஒண்ணு போதும். சுமார் 2 மீட்டர் நீளம் இருக்கும், ‘போ’வுக்கு 72 அங்குலம் வேணும் (கழுத்துக்கு 16, தொங்கறதுக்கு ரெண்டு பக்கமும் 28), அதனால நடுவுல ஒட்டே வராது. கரையை ஒட்டி நீளவாக்குல 6.5 அங்குல அகலத்துல கிழிங்க. கத்திரி வேண்டாம், ஓரத்துல ஒரு வெட்டு கொடுத்து நூல் ஓட்டத்துலயே கிழிச்சா கோணாது. கரை ஒரு பக்கம் அப்படியே இருக்கும், கிழிச்ச பக்கத்தைக் கையால சுருட்டித் தைக்கணும். ரெட்டையா மடிச்சுக் குழாய் மாதிரி தைச்சா ஜரிகை உள்ள போயிடும், முடிச்சும் தேங்காய் அளவுக்கு ஆயிடும். எதிர்க்கரையில இன்னொரு பட்டை கிடைக்கும், அதை இடுப்புல கட்டிக்கலாம்.

இந்த ‘போ’வைச் சட்டையோட சேர்த்துத் தைச்சுடாதீங்க. கறுப்புத் துணி ஈரத்துல சாயம் விடும், வெண்பட்டு அதை அப்படியே குடிச்சுக்கும். தனியா வச்சு, காலருக்குப் பின்னால ரெண்டு நூல் லூப், முன்னால உள்பக்கம் ஒரு கொக்கி. ஜரிகைக் கரை முடிச்சுக்கு வெளிப்பக்கம் வரணும், உள்ள வந்தா பாடறப்ப தொண்டைக்குழியை அறுத்துட்டே இருக்கும்.

பட்டுல ஊசி குத்தின இடம் மறையாது. பிரிச்சுத் தைக்கிற வேலைக்கு இடமே இல்லை. அதனால ‘போ’ன்னாலும் சட்டைன்னாலும் முதல்ல காடாத் துணியில ஒரு மாதிரி தைச்சுப் போட்டுப் பாருங்க.

அப்புறம் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா 1,500 மீட்டர் உசரம், சாயங்காலம் மூடுபனி எப்ப வேணாலும் இறங்கும். பட்டு மேல தண்ணி சொட்டினா காஞ்ச பிறகு வட்டமாக் கறை நிக்கும். பாடப் போற நிமிஷம் வரைக்கும் பருத்தித் துண்டுல சுத்தி வைங்க. தேய்க்கறப்ப தண்ணி தெளிக்கக் கூடாது, பின்பக்கமா மேல ஒரு உலர்ந்த துணி போட்டு மிதமான சூட்டுல தேய்ங்க. சென்ட் அடிக்கிறதா இருந்தா எல்லாத்துக்கும் முன்னால உடம்புல அடிச்சு, காஞ்ச பிறகு ‘போ’ கட்டணும். ஜரிகை சென்ட்டுல கறுத்துப் போகும்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெண்பட்டு ‘போ’ன்னதும் தம்பி துள்ளிக் குதிச்சுட்டான். இன்னும் மூணு சந்தேகம். ஸ்டைல்ஸ் 2021 கிராமி விருது விழாவுல போட்ட மாதிரி இறகு போவா (இறகால செஞ்ச நீளத் துண்டு) ஒண்ணு தோள்ல போடலாமா? காது முத்துக்கும் நகத்துக்கும் யாராவது சொல்லுங்க. ஊசிநூல் அண்ணா, பேன்ட் அளவும் வேணும். காதுல மானிட்டர் (மேடையில தன் பாட்டைக் கேட்கற இயர்போன்) மாட்டுவான், அதோட ஒயர் சட்டைக்குள்ள தெரியுமே, அதுக்கு என்ன பண்றது?

அரிதாரம் எழுதியது:

போவா வேண்டாங்க. மலைப் பனியில இறகு நனைஞ்சா கோழி மழையில நின்ன மாதிரி ஒட்டிக்கும். அதைவிட மோசம், சாயம் போட்ட இறகு வெண்பட்டு மேல இறங்கிடும். போட்டே ஆகணும்னா ஒரு இறகை ஈர வெள்ளைத் துணியில அழுத்திப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

காது விஷயம். நம்ம ஊர்ப் பசங்களுக்கு மொட்டை அடிச்சப்பவே காது குத்தியிருப்பாங்க. தம்பி காதுமடலை வெளிச்சத்துல பாருங்க. பழைய ஓட்டை திறந்திருந்தா மெல்லிசுத் தங்கக் கம்பி ஒண்ணு போட்டு ரெண்டு வாரம் பழக்கிட்டு முத்து மாட்டலாம். தூர்ந்திருந்தா குத்தித் திறக்காதீங்க. புதுசாக் குத்தினா மடல் ஆற 6 முதல் 8 வாரம், அதுக்குள்ள தொங்கல் போட்டா சீழ் பிடிக்கும். குத்தவே வேண்டாம்னா ஸ்க்ரூ வச்ச கிளிப் தோடு வாங்குங்க, இறுக்கத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்ப்ரிங் கிளிப் அரை மணி நேரத்துல மடலைச் செவக்க வச்சுடும். காந்தத் தோடு ஆடறப்ப எகிறிடும். எது போட்டாலும் ஜிமிக்கிக்குப் போடற மாட்டல் ஒண்ணு கறுப்பு நூல்ல செஞ்சு காதுக்குப் பின்னால கொடுத்துடுங்க. கனத்தை அது தாங்கும், கழண்டாலும் முத்து கீழ விழாது.

கழுத்துல முத்துமாலை வேண்டாம், ‘போ’வோட மோதும். அதுக்குப் பதிலா செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில கொலுசு வேலைப்பாட்டுலயே கைக்கு ஒண்ணு செய்யச் சொல்லலாம். தம்பி மணிக்கட்டு அளவோட அரை அங்குலம் கூட்டிக் கொடுங்க. மணி வைக்காதீங்கன்னு ரெண்டு தடவை சொல்லுங்க. மைக் பிடிக்கிற கையில மணி இருந்தா ஒவ்வொரு அசைவும் ஸ்பீக்கர்ல கேட்கும்.

நகத்துக்குக் கறுப்பு போடறதா இருந்தா அடியில பேஸ் கோட் கட்டாயம், இல்லைன்னா நகம் மஞ்சளாயிடும். மெல்லிசா ரெண்டு பூச்சு, நடுவுல 3 நிமிஷமாவது இடைவெளி. குளிர்ல பாலிஷ் கெட்டியாகிக் கோடு கோடா இழுக்கும், பாட்டிலை உள்ளங்கையில வச்சு உருட்டிச் சூடு பண்ணுங்க. குலுக்கினா குமிழ் வரும். டாப் கோட்டை நக நுனியோட விளிம்புலயும் ஒரு இழுப்பு இழுத்து விட்டா கிடார் கம்பியில உரசினாலும் சீக்கிரம் பேராது. சேலத்துலயே முந்தின ராத்திரி போட்டுட்டு மலையேறுங்க.

முகத்துக்கு நிறைய வேண்டாம். ஆடி மாசம் சேலம் குகைப் பகுதி மாரியம்மன், காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில சாமி வேஷம் கட்டறப்ப முகத்தையே மறைச்சு இன்னொரு முகம் எழுதணும். மீசை தாடி நிழல் துளி தெரியக் கூடாது. இங்க நேர் எதிர். ஆம்பளை முகம் ஆம்பளை முகமாவே இருக்கணும், அதுக்கு மேல ஒரு கோடு மை. மீசை இருந்தா எடுக்காதீங்க. வழிச்ச தாடையில நீலம் தெரிஞ்சா மட்டும் அந்த இடத்துல ஆரஞ்சு கரெக்டர் பொட்டுப் பொட்டா ஒத்தி, மேல தோல் நிறம். கண்ணுக்கு வாட்டர்ப்ரூஃப் பென்சில். டப்பா மை பனியில வழிஞ்சிடும்.

ஊசிநூல் எழுதியது:

அரிதாரம் அக்கா சொன்ன மீசை விஷயத்தை அப்படியே பிடிச்சுக்குங்க. துணியில பாதி வேலை, முகத்தை மாத்தாம விடறதுல பாதி வேலை.

பேன்ட்டுக்கு 31-ங்கற அளவு ஆகாது. அது இப்ப போடற லோ வெயிஸ்ட் ஜீன்ஸ் இடுப்பு. டேப்பைத் தொப்புளுக்கு நேர் வச்சு புதுசா எடுங்க, அனேகமா மாறும். முன்பக்க ஃபோர்க் (கவட்டுல இருந்து கச்சை வரைக்கும் உள்ள உயரம்) 12 அங்குலம், வழக்கமா வர்ற 9, 10 இல்லை. கச்சை 2.25 அங்குல அகலம், பெல்ட் லூப் வேண்டாம், ரெண்டு பக்கமும் இறுக்கற பட்டி. முன்னால ரெண்டு ரெண்டு பிளீட், பாட்டம் சுற்றளவு 24. துணி டெர்ரி விஸ்கோஸ், கனமா விழறதா பாருங்க, 58 அங்குல அகலத்துல 1.75 மீட்டர். மெல்லிசுத் துணியில அகலப் பாட்டம் வச்சா காத்துல கால்ல சுத்திக்கும்.

உயரம் வெட்டறது பூட்ஸ் போட்டுட்டுத்தான். 2 அங்குலக் குதிகால், அதுவும் கட்டையா அகலமா இருக்கற குதிகால். மேடைக்குப் போற வழி புல்தரையா இருந்தா கூர்க் குதிகால் மண்ணுல இறங்கிடும். தரையில இருந்து அரை அங்குலம் மேல நிக்கற மாதிரி மடிங்க. பூட்ஸ் வாங்காம பேன்ட் தைக்கக் கொடுக்காதீங்க.

சட்டை வெளிய வராம இருக்க சட்டை நீளம் 33 அங்குலம் வைங்க. கச்சைக்கு உள்பக்கம் ரப்பர் கிரிப் டேப் ஒரு சுத்து. அதுக்கு மேலயும் பயமா இருந்தா சட்டை அடியில 4 பட்டன், பேன்ட் உள்பக்கம் அதுக்கு நேரா 4 காஜா.

மானிட்டர் ஒயருக்கு முதுகுத் தையல் நடுவுல, உள்பக்கம், அதே ஜார்ஜெட்ல 3 சின்ன லூப். கழுத்துல இருந்து நேர்கோடா இறங்கிப் பின்கச்சையில மானிட்டர் பெட்டி. கறுப்பு ஒயர் நேரா இருந்தா தையல் மாதிரிதான் தெரியும், கோணலா ஓடினாத்தான் கண்ணுல படும். காலர் மைக் கொடுத்தா வாங்காதீங்க, பட்டும் பிரிலும் அதுல உரசி சரசரன்னு கேட்கும். கையில பிடிக்கற மைக்தான்.

லைட் போடறவர்கிட்டயும் ஒரு வார்த்தை. முன்னால இருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தா இந்தத் துணி சாதாரணக் கறுப்புச் சட்டையாத் தெரியும், செஞ்ச வேலை அத்தனையும் வீண். பின்னால இருந்து ஒரு லைட் தோளுக்கு வரணும், அப்பத்தான் துணி திறக்கும். அதே காரணத்தால காடா மாதிரி போட்டுப் பார்க்கறதோட நிக்காதீங்க. ஜார்ஜெட் சட்டை முடிஞ்சதும் ராத்திரி மொட்டை மாடியில தம்பியை நிக்க வச்சு, பின்னால ஒரு டார்ச் அடிச்சு, கையை முழுக்கத் தூக்கி ஒரு பாட்டு பாடச் சொல்லிப் பாருங்க. எங்க இழுக்குது, எங்க உருவுது, எந்தத் தையல் தடிப்பாத் தெரியுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். கச்சேரிக்கு 10 நாள் முன்னாலயாவது இதைச் செஞ்சா திருத்த நேரம் இருக்கும்.